நான்கு சக்கரமும் இழுக்கும் சத்ரியா: முக்கியக் குறிப்புகள்

எஸ்கேஎம் வாகனத் தொழில்நுட்பப் பிரிவுக்கும் பாலிடெக்னிக் இயந்திரவியல் தாள்களுக்கும் படிக்கும் பினாங்கு மாணவர்களுக்கான குறிப்புகள் இவை. பழைய புரோட்டோன் சத்ரியாவில் டர்போ எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் ஏற்றும் வேலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெப்பவியல், பற்சக்கரம், வெல்டிங், எரிபொருள், சாலைச் சட்டம் ஆகிய ஐந்து பாடங்களும் இந்த ஒரே வேலையில் வந்து சேர்கின்றன. இந்த ஆசை வந்த பையன்கள் முதலில் எஞ்சினைத்தான் வாங்குகிறார்கள். முதலில் அனுமதி, அடுத்து தரைத்தகடு, கடைசியில் எஞ்சின் என்பதே சரியான வரிசை. நெடுநாள் கற்பித்தபின் எனக்கு இதில் சந்தேகம் இல்லை.

காடியின் பின்னணி

• புரோட்டோன் தொடங்கிய நாள் 7 மே 1983. முதல் காடியான சாகா வெளிவந்தது 9 ஜூலை 1985. அதே ஆண்டு பினாங்குப் பாலத்தை அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்த அப்போதைய பிரதமர் மகாதீர், ஒரு சிவப்புச் சாகாவை ஓட்டிப் பாலத்தைக் கடந்தார். பாலத்தின் நீளம் 13.5 கி.மீ.

• வீரா 1993, சத்ரியா 1994. பெயர்களை வைத்தே நினைவில் நிறுத்தலாம்: வீரா நம் வீரன், சத்ரியா சத்திரியன், புத்ரா புத்திரன். மூன்றும் சமஸ்கிருதம் வழியே மலாய்க்குப் போன சொற்கள். வீரா நான்கு கதவு, சத்ரியா மூன்று கதவு ஹேட்ச்பேக், புத்ரா இரண்டு கதவு கூபே.

• இவற்றின் அடித்தளம் மிட்சுபிஷியின் 1991-ஆம் ஆண்டு லான்சர், மிராஜ் தலைமுறை. இந்தக் கட்டுரையின் எல்லாக் கணக்கும் இந்த ஒரு வரியில் தொங்குகிறது.

• சத்ரியா எஞ்சின்கள்: 4ஜி13 (1299 சிசி), 4ஜி15 (1468 சிசி), 4ஜி92 (1597 சிசி). 1998-இல் வந்த ஜிடிஐ வகையில் 4ஜி93 (1834 சிசி), ஏறத்தாழ 140 குதிரைத்திறன். ஜிடிஐயின் சஸ்பென்ஷனைச் செம்மைப்படுத்தியது லோட்டஸ். புரோட்டோன் லோட்டஸை வாங்கியது 1996-இல்.

• ஜிடிஐ உட்பட விற்பனைக்கு வந்த எல்லாச் சத்ரியாவும் முன்சக்கர இயக்கம். டர்போ எதிலும் இல்லை.

உறுப்பு தரும் காடி: ஹாஃப்கட்

ஜப்பானில் ஓய்வு பெற்ற காடியின் முன்பாதியை வெட்டி, எஞ்சின், கியர் பாக்ஸ், ஒயரிங், டாஷ்போர்டு எல்லாம் சேர்த்து விற்பதே ஹாஃப்கட். ஜப்பானிலும் மலேசியாவிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால்தான் இந்த வணிகம் இங்கே தழைத்தது. ஸ்டீயரிங் ராக், பெடல் பெட்டி, டாஷ்போர்டு எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை. சத்ரியாவுக்கு ஏற்றவை இரண்டு:

• லான்சர் ஜிஎஸ்ஆர். 4ஜி93 எஞ்சினின் டர்போ வடிவம், 1834 சிசி, 195 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம்.

• லான்சர் எவலூஷன் 1, 2, 3. எஞ்சின் 4ஜி63 டர்போ. அக்டோபர் 1992-இல் 250, ஜனவரி 1994-இல் 260, 1995 தொடக்கத்தில் 270 குதிரைத்திறன். மூன்றாவதில் அழுத்த விகிதம் 9.0:1.

• கொள்ளளவுக் கணக்கு: துளை விட்டம் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 88 மி.மீ. ஒரு சிலிண்டர் = 0.7854 × 8.5 × 8.5 × 8.8 = 499.4 சிசி. நான்குக்கும் 1997 சிசி.

• பொறிக் கேள்வி: 1996-இல் வந்த எவலூஷன் 4 பொருந்துமா? பொருந்தாது. அது அடுத்த தலைமுறை உடல். எஞ்சினும் 180 பாகை திருப்பி வைக்கப்பட்டது. மவுண்டிங், டிரைவ் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் எல்லாமே மறுபக்கம்.

• முன்பாதியை மட்டும் வாங்குவது இந்த வேலைக்குப் போதாது. பின் டிஃபரன்ஷியல், பின் சப்ஃபிரேம், புரொப்பெல்லர் ஷாஃப்ட், எரிபொருள் தொட்டி நான்கும் பின்பாதியில் இருக்கின்றன. இதைக் கேட்காமல் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நின்ற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இந்தப் புள்ளியை எழுதுகிறேன்.

60 மில்லிமீட்டர்

சத்ரியாவின் சக்கர அடிப்பகுதி நீளம், அதாவது முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையிலான தூரம், 2440 மி.மீ. நான்கு கதவு லான்சருக்கும் எவலூஷன் 1-க்கும் 2500 மி.மீ. எவலூஷன் 2, 3 இரண்டுக்கும் 2510 மி.மீ. எனவே ஜிஎஸ்ஆர் அல்லது எவலூஷன் 1 உறுப்புகளை ஏற்றினால் 60 மி.மீ., எவலூஷன் 2 அல்லது 3 என்றால் 70 மி.மீ. மிச்சமாகும். வீராவில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. நான்கு கதவு வீராவின் நீளமும் லான்சரின் நீளமும் ஒன்றே.

இந்த மிச்சத்தைப் பின் சப்ஃபிரேமை முன்னே தள்ளியோ, எஞ்சினைச் சாய்த்தோ தீர்க்கப் பார்ப்பது பெரும் பிழை. சக்கரம் வளைவின் நடுவில் நிற்காது, சஸ்பென்ஷன் கோணங்கள் கெடும். ஷாஃப்டைத்தான் குறுக்க வேண்டும். குழாயை லேத்தில் வெட்டி, முனைகளை நேராக நிறுத்தி, சுற்றி வெல்டு வைத்து, பிறகு சமன் செய்யும் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். வெட்டும்போது இரு முனை யூனிவர்சல் ஜாயிண்டுகளின் முள்கரண்டிகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று குறியிட்டுக்கொள்க. ஒரு ஜாயிண்ட் கோணத்தில் சுழலும்போது வேகம் ஒரு சுற்றுக்கு இருமுறை ஏறி இறங்கும். மறுமுனை ஜாயிண்ட் அதை நேர்செய்ய வேண்டுமென்றால் இரண்டும் ஒரே தளத்தில் இருந்தாக வேண்டும். தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி இது.

சமன் செய்வது ஏன் அவ்வளவு முக்கியம்? 195/55 ஆர்15 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.87 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காடி நொடிக்கு 22.2 மீட்டர் ஓடும், சக்கரம் நொடிக்கு 11.9 சுற்று சுற்றும். பின் டிஃபரன்ஷியல் விகிதம் மூன்றுக்கு மேல் என்பதால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2100 சுற்றுக்கு மேல் ஓடும். கண்ணளவில் வெட்டிப் பற்றவைத்த ஷாஃப்டோடு ஒரு மாணவர் தன் காடியை என்னிடம் கொண்டுவந்தார். பட்டறை வாசலில் அது அமைதியாகத்தான் இருந்தது. இரண்டாம் பாலத்தில் 80-ஐத் தொட்டதும் இருக்கையே நடுங்கியது. பாலம் 24 கி.மீ. நீளம், நடுவில் நிறுத்திப் பார்க்க இடமில்லை. அவர் கைகள் நடுங்கியதை நான் மறக்கவில்லை.

• தரைத்தகடு: முன்சக்கர இயக்கக் காடியின் நடுச் சுரங்கம் எக்ஸாஸ்ட் குழாய்க்காக வடிவமைத்தது. ஷாஃப்டும் எக்ஸாஸ்டும் சேர்ந்து ஓட அது போதாது. பின் டிஃபரன்ஷியலுக்கு இடம் தர உதிரிச் சக்கரக் குழி போக வேண்டும். எரிபொருள் தொட்டியை நான்கு சக்கர இயக்க வகையினுடையதாக மாற்ற வேண்டும். அது ஷாஃப்ட் நடுவே போகச் சேணம் போல இருபுறமும் தொங்கும்.

• தொட்டியைக் கழற்றி வெளியே வைக்காமல் பின்தளத்தில் வெல்டிங் தொடங்கவே கூடாது. காலியான தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. உள்ளே இருப்பது ஆவியும் காற்றும்.

• வெட்டுவதற்கு முன் கதவுச் சட்டங்களுக்குக் குறுக்கே தற்காலிகக் குழாய் பற்றவைத்து உடலைப் பூட்டிக்கொள்க. ஹேட்ச்பேக்கின் பின்புறம் பெரிய திறப்பு. தரையை வெட்டிய பின் உடல் முறுக்கிக்கொண்டால் பின்கதவு மூடாது.

• துரு: பினாங்குக் காற்றில் உப்பும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். துத்தநாக பிரைமர், இணைப்பு மெழுகு, பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு எண்ணெய் மூன்றும் அன்றே போட வேண்டும். அடுத்த வாரம் என்றால் செந்நிறத் தூள் முன்பே வந்திருக்கும்.

அனுமதித் தாள்கள்

• அடிப்படைச் சட்டம்: 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம், சட்ட எண் 333. வாகனத்தின் கட்டமைப்பு பற்றி 1959-ஆம் ஆண்டு விதிகள் தனியே உண்டு.

• எஞ்சின் மாற்றத்துக்கும் உடல் மாற்றத்துக்கும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். சோதனை புஸ்பாகோமில்; 1994 முதல் இயங்கும் நிறுவனம் அது. எஞ்சின் மாற்றம் போன்ற தொழில்நுட்ப மாற்றங்களுக்கான சோதனை பி2. பி5 உரிமை மாற்றத்துக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

• சேசிஸ் எண் பொறித்த பகுதியைத் தொடக் கூடாது. எண்ணை மாற்றுவதும் அழிப்பதும் குற்றம். பின்பாதி முழுவதையும் வெட்டி ஒட்டி, ஒரே காடியில் இரண்டு காடிகளை இணைக்கும் வழியை நான் எந்த மாணவருக்கும் சொல்லித் தருவதில்லை. விபத்தில் அந்தத் தையல்தான் முதலில் திறக்கும். தன் உடலை வைத்துக்கொண்டு சுரங்கத்தையும் பின்தளத்தையும் மட்டும் மாற்றுவதே முறையான வேலை.

• ஒலிக்கு 1987-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர (மோட்டார் வாகன ஒலி) விதிகள். பெட்ரோல் எஞ்சின் புகைக்கு 1996-ஆம் ஆண்டு விதிகள்.

• சாலை வரி எஞ்சின் சிசியைப் பார்க்கிறது, டர்போவைப் பார்ப்பதில்லை. தீபகற்பத்தில் தனியார் காடிக்கு 1201–1400 சிசி: 70 வெள்ளி. 1401–1600: 90 வெள்ளி. 1801–2000: 280 வெள்ளியும், 1800-க்கு மேலுள்ள ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்னும். கணக்கு: 1299 சிசி சத்ரியாவுக்கு 70 வெள்ளி. 1834 சிசி டர்போ ஏற்றிய பின் 280 + (34 × 0.50) = 297 வெள்ளி. 1997 சிசி என்றால் 280 + (197 × 0.50) = 378.50 வெள்ளி. பதிவுச் சான்றான கிராண்டில் பழைய சிசியையே விட்டுவைத்து 70 வெள்ளி கட்டி ஓட்டும் காடிக்கு, விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கேள்விக்குள்ளாகும். மிச்சமாவது ஆண்டுக்கு 308 வெள்ளி 50 சென். இதற்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்று மாணவர்கள் யோசிக்க வேண்டும்.

டர்போவும் பினாங்கு வெப்பமும்

• எக்ஸாஸ்ட் வாயுவால் சுழலும் டர்பைன், அதே தண்டின் மறுமுனையில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர். இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி. விற்பனைக் காடியில் முதலில் வந்தது 1962-இல், அமெரிக்காவில்.

• பூஸ்ட் 1 பார் = 14.5 பிஎஸ்ஐ. அது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலான அளவு. முழு அழுத்தம் 2 பார், அழுத்த விகிதம் 2.

• இன்டர்கூலர் ஏன் வேண்டும்? வெளிக்காற்று 32 டிகிரி செல்சியஸ், அதாவது 305 கெல்வின். இரு மடங்கு அழுத்தினால் இலட்சிய நிலையில் வெப்பநிலை 305 × 1.219 = 372 கெல்வின்; ஏற்றம் 67 டிகிரி. கம்ப்ரஸரின் திறன் 70 விழுக்காடு என்றால் உண்மையான ஏற்றம் 67 ÷ 0.7, ஏறத்தாழ 95 டிகிரி. டர்போவை விட்டு வெளிவரும் காற்று 127 டிகிரி! நீர் கொதிக்கும் சூட்டுக்கும் மேல். இந்தக் காற்று அப்படியே சிலிண்டருக்குள் போனால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் உடையும் நாக்கிங் அதுதான்.

• குளிர்நாட்டில் 10 டிகிரியில் சரிபார்த்த டியூனிங்கை இங்கே அப்படியே ஏற்றக் கூடாது. கூலிம் சாலையிலோ ஜெலுத்தோங் நெரிசலிலோ காடி நிற்கும்போது இன்டர்கூலரைத் தாண்டிக் காற்று ஓடாது. அது சூடேறி நிற்கும். பச்சை விளக்கு எரிந்து முதல் மிதியில்தான் நாக்கிங் வரும்.

• ஈரப்பதம்: 32 டிகிரியில் காற்று 80 விழுக்காடு ஈரமாக இருந்தால் நீராவியின் அழுத்தம் ஏறத்தாழ 3.8 கிலோபாஸ்கல். வளிமண்டலம் 101 கிலோபாஸ்கல். ஏறத்தாழ 4 விழுக்காடு இடத்தை உலர்ந்த காற்றுக்குப் பதிலாக நீராவி பிடித்துக்கொள்கிறது. சக்தி அந்த அளவு குறையும். நீராவி எரிதலை நிதானப்படுத்துவதால் நாக்கிங்கும் சற்றுக் குறையும்.

• பெட்ரோல்: ரோன் 95, ரோன் 97. எண் கூடினால் நாக்கிங்கைத் தாங்கும் ஆற்றல் கூடும். அந்த எண்ணே சக்தி தருவதில்லை. கூடுதல் பூஸ்ட்டையும் முன்தள்ளிய ஸ்பார்க்கையும் அனுமதிப்பதால்தான் சக்தி வருகிறது.

• காற்று–பெட்ரோல் விகிதம்: முழு எரிதலுக்கு எடையில் 14.7:1. முழு பூஸ்ட்டில் 11.5 முதல் 12 வரை வைப்பது வழக்கம். கூடுதல் பெட்ரோல் எரியறையைக் குளிர்விக்கிறது.

• இன்ஜெக்டர் கணக்கு, 300 குதிரைத்திறனுக்கு: ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.27 கிலோ பெட்ரோல் என்று கொள்க. 300 × 0.27 = 81 கிலோ. அடர்த்தி 0.75 என்றால் 108 லிட்டர், நிமிடத்துக்கு 1800 சிசி. நான்கால் வகுக்க 450. இன்ஜெக்டர் 80 விழுக்காடு நேரமே திறந்திருக்க வேண்டும் என்பதால் 450 ÷ 0.8 = 563 சிசி. பழைய பம்ப் இந்த அளவைத் தருமா என்று பூஸ்ட் அழுத்தத்தோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும். மேனிஃபோல்டில் 1 பார் ஏறினால் பம்ப்பும் 1 பார் கூடுதலாகத் தள்ள வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம்

பயன் எவ்வளவு? எடை 1100 கிலோ, அதில் 62 விழுக்காடு முன்சக்கரங்களில் என்று வைத்துக்கொள்வோம். மழை நனைத்த சாலையில் உராய்வு எண் 0.5. முன்சக்கர இயக்கம்: 1100 × 9.81 × 0.62 × 0.5 = 3345 நியூட்டன். நான்கு சக்கரம்: 1100 × 9.81 × 0.5 = 5396 நியூட்டன். காடி முன்னே பாயும்போது எடை பின்னுக்குச் சரிவதால் முன்சக்கர இயக்கத்தின் நிலை இன்னும் மோசம். மழைக்காலத்தில் தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைவளைவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இரு எண்களின் வேறுபாடு புரியும்.

• எவலூஷன் 1 முதல் 3 வரை: நடு டிஃபரன்ஷியலோடு விஸ்கஸ் கப்ளிங். உள்ளே துளையிட்ட தகடுகளும் சிலிகான் திரவமும். இரு பக்க வேகமும் வேறுபட்டால் திரவம் இழுபட்டு, சூடாகி, இரு பக்கத்தையும் பிணைக்கும்.

• எனவே நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். 195/55 ஆர்15 புது டயரின் விட்டம் 595.5 மி.மீ., சுற்றளவு 1871. 5 மி.மீ. தேய்ந்த டயரின் விட்டம் 585.5, சுற்றளவு 1839. முன்னே புதிதும் பின்னே தேய்ந்ததும் போட்டால் பின்சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 9 சுற்று அதிகம் சுற்றும். நேர்ச்சாலையிலும் கப்ளிங்குக்கு ஓய்வில்லை.

• வரிசை: ஜென்சன் எஃப்எஃப் 1966, ஆடி குவாட்ரோ 1980, லான்சியா டெல்டா எச்எஃப் நான்கு சக்கர வகை 1986. டெல்டாதான் இந்த வகை ஹேட்ச்பேக்குக்கு மூதாதை: 1987 முதல் 1992 வரை தொடர்ந்து ஆறு முறை உலக ராலி உற்பத்தியாளர் பட்டம்.

ராலி எண்கள்

• டர்போ எஞ்சினின் சிசியைப் பெருக்கிக் கணக்கிடுவது விதி. குரூப் பி காலத்தில் பெருக்கெண் 1.4. பெஜோ 205 டி16: 1775 × 1.4 = 2485, 2500-க்குள். டைஹாட்சு ஷராட் 926 டர்போ: 926 × 1.4 = 1296, 1300-க்குள். 1998-இல் வந்த டைஹாட்சு ஸ்டோரியா எக்ஸ்4-இன் விசித்திரமான 713 சிசிக்கும் விளக்கம் இதே 1.4 பெருக்கல்: 998, 1000-க்குள். அதுவும் நான்கு சக்கர டர்போ ஹேட்ச்பேக். நம் கன்சிலுக்கு டைஹாட்சு வழி உறவு.

• குரூப் பி 1986 முடிவோடு நின்றது. பிந்தைய குரூப் ஏயில் பெருக்கெண் 1.7. 1997 × 1.7 = 3395, 3500-க்குள். இரண்டு லிட்டர் டர்போக்கள் ஏன் கூட்டமாக வந்தன என்பதற்குப் பதில் இங்கே. எவலூஷன் 1-ஐ முதலில் 2500 காடிகள் செய்து விற்றதும் குரூப் ஏயில் நுழைவதற்காகத்தான்.

• 2002 உலக உற்பத்திக் காடி ராலி சாம்பியன் கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓ. காடி புரோட்டோன் பெர்ட், லான்சர் எவலூஷனை அடிப்படையாகக் கொண்டது. உலக ராலிப் பட்டம் பெற்ற முதல் ஆசியர். ஆசிய பசிபிக் ராலிப் பட்டம் 2001, 2002, 2004. மலேசிய மாணவர்கள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

• சத்ரியா நியோ எஸ்2000: நான்கு சக்கர இயக்கம் உண்டு, டர்போ கிடையாது. 2011 ஆசிய பசிபிக் சாம்பியன் அலிஸ்டர் மெக்ரே ஓட்டியது இதை. பின்னால் வந்த இரிஸ் ஆர்5-இல் இரண்டும் உண்டு, 1.6 லிட்டர்.

முதல் ஓட்டம்

• எஞ்சினை இயக்கும் முன் ஸ்பார்க்கையும் இன்ஜெக்டரையும் துண்டித்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறுகிறதா பார்க்க வேண்டும். டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதப்பது; வறண்ட முதல் சில நொடிகளே அதைக் கெடுத்துவிடும்.

• நான்கு சக்கரமும் தரையை விட்டு உயர்ந்த நிலையில், தாங்கிகளின் மேல், முதல் கியரில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்சக்கரங்களை மட்டும் தூக்கி ஓட்டினால் கப்ளிங் பிடித்துக் காடி தாங்கியிலிருந்து குதிக்கும்.

• பிரேக் சக்திக்கு ஏற்றதாக இருந்தாக வேண்டும். மணிக்கு 100 கி.மீ.யிலிருந்து 140-க்கு ஏறினால் இயக்க ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு (1.4 × 1.4 = 1.96).

• வேகச் சோதனைக்கு இடம் 1999-இல் திறந்த செப்பாங், ஒரு சுற்று 5.543 கி.மீ. பாலங்களும் பாலிக் பூலாவ் சாலையும் மற்றவர்களும் ஓட்டும் சாலைகள்.

• முதல் 500 கி.மீ. முடிந்ததும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகள், பின் சப்ஃபிரேம் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்கி, மஞ்சள் கோடு போட வேண்டும். சுரங்கத்தில் வைத்த வெல்டை விளக்கடித்து, விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பெயிண்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அடியில் இரும்பும் விரிந்திருக்கும்.